ஒத்திகை மண்

வன்னியில் லாண்ட்மாஸ்டர் வைத்திருப்பவருக்குச் சில்லைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெடுங்கேணிப் பக்கத்தில் புழுதி விதைப்புக்கு உழும்போது றப்பர் சில்லு போதும். மழை விழுந்து வயல் சேறானதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, குறுக்கே தகடு தகடாக வைத்த இரும்புச் சில்லைப் பூட்டுவார்கள். அப்படியும் சில நாளில் புதையும். அப்போது பக்கத்து வயலில் நிற்கிற நாலு பேர் வந்து தோள் கொடுப்பார்கள்.

நிலவிலும் செவ்வாயிலும் தோள் கொடுக்க ஆள் இல்லை. அங்கே போகும் ரோவர் என்ற ஊர்தி ஒருமுறை புதைந்தால் புதைந்ததுதான். அதனால் அந்த ஊர்தியைக் கட்டுகிறவர்கள், அது போக இருக்கிற உலகத்தின் மண்ணைப் பூமியிலேயே தேடிப் பிடித்து ஒத்திகை பார்க்கிறார்கள். ஏறத்தாழ 60 ஆண்டுகளாக நடந்துவரும் தொழில் இது. அதன் கதை அமெரிக்கப் பாலைவனங்களில் தொடங்குகிறது. தமிழ் வாசகருக்கு வேண்டிய பகுதியோ நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக்கு அருகே இருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்றொரு நகரம். அதன் அருகே, தஞ்சையில் சோழர் ஆண்டுகொண்டிருந்த 11ஆம் நூற்றாண்டில், ஓர் எரிமலை வெடித்தது. அது கக்கிய கருஞ்சாம்பல் மூடிய வெளிக்குச் சிண்டர் லேக் என்று பெயர். ஏரி என்றுதான் பொருள், ஆனால் தண்ணீர் கிடையாது. 1967 யூலையில் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையினர் அங்கே வெடிமருந்தைப் புதைத்து 47 பள்ளங்களைத் தோண்டினார்கள். மனம்போன போக்கில் தோண்டியவை அல்ல. நிலவைச் சுற்றிய லூனார் ஓர்பிட்டர் அனுப்பிய படம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் இருந்த பள்ளங்களை அதே இடத்தில் அதே அளவில் பிரதி எடுத்தார்கள். நிலவின் ஒரு துண்டு அரிசோனாவில் படியெடுக்கப்பட்டது.

அந்தப் பள்ளங்களுக்கிடையே ஓடிப் பழக ஒரு வண்டி வேண்டியிருந்தது. நிலவுக்குப் போகும் உண்மையான வண்டியைப் பூமியில் ஓட்ட முடியாது. நிலவின் ஈர்ப்பு பூமியினதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அது மிக மெலிதாகக் கட்டப்பட்டிருந்தது. இங்கே இருவர் ஏறி உட்கார்ந்தால் சட்டமே வளைந்துவிடும். ஆகவே 1970இல் ஃபிளாக்ஸ்டாஃபில் இருந்தவர்கள் கையில் கிடைத்த உதிரிப்பாகங்களைக் கொண்டு 'குரோவர்' என்ற ஒத்திகை வண்டியைச் செய்தார்கள். செலவு 2,000 டொலருக்கும் குறைவு. நிலவு வண்டித் திட்டத்துக்கு ஆனது 380 இலட்சம் டொலர். கராஜில் செய்த அந்த வண்டியில்தான் அப்பலோ வீரர்கள் ஓட்டப் பழகினார்கள். எந்தக் கல்லை எடுப்பது, எதை விடுவது, எடுக்குமுன் எப்படிப் படம் பிடிப்பது என்று பழகியதும் அதில் போய்த்தான்.

பழக்கம் வீண்போகவில்லை. 1971 ஓகஸ்ட் 1ஆம் திகதி அப்பலோ 15இன் டேவிட் ஸ்கொட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஸ்பர் என்ற பள்ளத்தின் விளிம்பில் வெளிறிய கல் ஒன்றைக் கண்டதும் அது எதுவென்று உடனே அறிந்துகொண்டார்கள். அது அனோர்த்தோசைட். 400 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பத்திரிகைகள் அதற்கு 'ஆதியாகமக் கல்' என்று பெயர் வைத்தன. இந்தக் கல்லின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவும். நாமக்கல்லில் மறுபடி சந்திப்போம்.

சோவியத் ஒன்றியம் ஆளை அனுப்பாமல் வண்டியை மட்டும் அனுப்பியது. கிரிமியாவில் சிம்ஃபெரோபோல் அருகே ஒரு செயற்கை நிலவு வெளியை அமைத்து, அங்கே லூனகோத் ஊர்தியை ஓட்டும் குழுக்களைப் பழக்கினார்கள். நிலவுக்குச் சைகை போய்வர இரண்டரை விநாடி ஆகும். கமெரா அனுப்புவதோ ஓடும் படமல்ல, ஒவ்வொன்றாக வந்து சேரும் நிழற்படம். கல்லைப் பார்த்து பிரேக் பிடிப்பதற்குள் கல் மேல் ஏறியிருக்கும். அப்படியும் 1970 நவம்பரில் இறங்கிய லூனகோத் 1 பத்து மாதத்தில் பத்தரைக் கிலோமீற்றர் ஓடியது.

செவ்வாய்க்கு அந்த வித்தையும் செல்லாது. சைகை ஒருவழி போகவே 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். காலையில் கட்டளையை அனுப்பிவிட்டு மாலையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டியதுதான். ஆகவே செவ்வாய்க்கான ஒத்திகையில் ஊர்தியைப் போலவே, தூரத்தில் அறைக்குள் இருந்து அதை நடத்தும் விஞ்ஞானிகளும் சோதிக்கப்படுகிறார்கள். 1997இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'நோமாட்' சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் 45 நாளில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. அதை ஓட்டியவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க்கில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு நெவாடாவில் நாசாவின் 'ஃபிடோ' ஓடியபோது, பசடேனாவில் உட்கார்ந்திருந்த விஞ்ஞானிகளுக்கு ஊர்தி எந்த இடத்தில் நிற்கிறது என்பதையே சொல்லவில்லை. ஊர்தியின் கண்ணுக்குத் தெரிவதைத் தவிர வேறெதையும் பார்க்காமல், எந்தப் பாறையில் துளையிட்டு மாதிரி எடுப்பது என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு உறியடிக்கச் சொல்வதுபோல்தான்.

2013 ஒக்ரோபரில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அதே விளையாட்டை அட்டகாமாவில் நடத்தியது. அதற்குச் 'சேஃபர்' என்று பெயர். 'பிரிட்ஜெட்' என்ற ஊர்தி சிலியில். அதற்குக் கட்டளை இட்டவர்கள் இங்கிலாந்தின் ஹாவெல்லில். நிலத்துக்குக் கீழே பார்க்கும் ராடர், அகலக் காட்சிக் கமெரா, கல்லை நெருங்கிப் பார்க்கும் கமெரா ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்து, தோண்டத் தகுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே பயிற்சி. செவ்வாயில் மேல்மண்ணைக் கதிர்வீச்சு வறுத்துவிட்டது. பழைய உயிரின் தடயம் ஏதும் இருந்தால் அது ஆழத்தில்தான் தேடப்பட வேண்டும். மாதிரி எடுப்பதில் கையைவிடக் கண்ணுக்கே வேலை கூடுதல்.

இத்தனை பழகியும் ஏமாற்றம் உண்டு. 2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயில் முதன்முதலாகக் கல்லைத் துளைத்து மாதிரி எடுத்தது. துளை சரியாக விழுந்தது, குழாய் மூடப்பட்டது, எல்லாம் சொன்னபடி நடந்தது. குழாயைப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. பாறை உளுத்துப் பொடியாக உதிர்ந்திருந்தது. பூமியில் எத்தனையோ வகைக் கற்களைத் துளைத்துப் பார்த்திருந்தார்கள். இப்படி ஒரு கல் அதில் அகப்படவில்லை. செப்டெம்பரில் வேறொரு பாறையில்தான் முதல் மாதிரி கிடைத்தது. அதற்கு முன்பு ஸ்பிரிட் ஊர்தி 2009இல் மென்மணலில் புதைந்தபோது, கலிபோர்னியாவில் ஒரு பெட்டியில் அதே போன்ற மண்ணைக் கலந்து கொட்டி, இரட்டைப்பிறவி ஊர்தியை அதில் வேண்டுமென்றே புதைத்து, வெளியே வரும் வழியை மாதக்கணக்காகத் தேடினார்கள். ஸ்பிரிட் வெளியே வரவில்லை.

பாலைவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அதன் தோற்றம் மட்டும் காரணமில்லை. அங்கே எது இல்லை என்பதுதான் முக்கியம். தண்ணீர் இல்லை, புல் இல்லை, அட்டகாமாவின் சில பகுதிகளில் நுண்ணுயிர்கூட அரிது. தமிழில் பாலை என்ற சொல்லுக்கும் இதே நியாயம்தான். தமிழ் மண்ணில் பெரிய மணற்பாலை கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்றார்கள் முன்னோர். பாலை ஓர் இடத்தின் பெயர் அல்ல, ஒரு நிலையின் பெயர். ஊர்தி ஒத்திகைக்கு வேண்டியதும் ஒரு நிலைதான். அந்த நிலையை மணற்காடே இல்லாத இடத்திலும் உண்டாக்கலாம் என்பதைத்தான் சித்தம்பூண்டி காட்டியது.

சித்தம்பூண்டி, நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் பக்கத்துக் கிராமம். நாமக்கல் என்றால் முட்டையும் லொறியும் ஆஞ்சநேயரும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். புவியியலாளருக்கு நினைவுக்கு வருவது வேறு. இந்த வட்டாரத்து நிலத்தில் குருந்தக்கல் அகப்படும். வைரத்துக்கு அடுத்தபடியான கடினமுள்ள கல். சாணை பிடிக்கவும் மணிகளைத் தேய்த்து மெருகிடவும் பயன்பட்டது. அதன் சுத்தமான சிவப்பு வடிவம் மாணிக்கம். நீல வடிவம் இரத்தினபுரிக்காரர் தோண்டி எடுக்கும் நீலக்கல். 1798இல் சார்ள்ஸ் கிரெவில் என்பவர் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ரோயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். தென்னாட்டிலிருந்து கல்லோடு சேர்ந்து அதன் பெயரும் கப்பலேறியது. இன்று உலகத்துக் கனிமவியல் நூல்கள் எல்லாவற்றிலும் உள்ள 'கொரண்டம்' என்ற சொல், குருந்தம் என்ற தமிழ்ச் சொல்தான்.

கல்லைப் பார்த்தவர்கள் அது பதிந்திருந்த பாறையையும் பார்த்தார்கள். 1802இல் பூர்னோன் பிரபு என்ற பிரெஞ்சுக்காரர், குருந்தத்தைச் சுற்றியிருந்த வெண்சாம்பல் கனிமத்தைத் தனியே விவரித்தார். அது பிறகு 'இந்தியனைட்' என்ற பெயரால் வழங்கியது. பின்னாளில் அது அனோர்த்தைட்டின் ஒரு வகை என்று தெரியவந்ததும் அந்தப் பெயர் மங்கிவிட்டது. அனோர்த்தைட் நிறைந்த பாறைதான் அனோர்த்தோசைட். 1956இல் ஏ. பி. சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியை முழுமையாக ஆராய்ந்து அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அப்போது நிலவில் என்ன கல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்புட்னிக் பறக்கவே இன்னும் ஓராண்டு இருந்தது.

நிலவின் கதை 1970இல் துலங்கியது. அப்பலோ 11 கொண்டுவந்த கருமண்ணில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. அவை அனோர்த்தோசைட் என்று கண்ட விஞ்ஞானிகள், ஆதியில் நிலவு முழுவதும் உருகிய குழம்பாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். குழம்பு ஆறும்போது கனத்த கனிமங்கள் அடியில் தங்க, இலேசானவை மேலே மிதந்தன. காய்ச்சிய பாலில் ஆடை படர்வதுபோல. அந்த ஆடைதான் இன்று நிலவில் வெளிறித் தெரியும் மேட்டுநிலம். முழுநிலவில் கறுத்துத் தெரிவது பிற்காலத்தில் பள்ளங்களை நிரப்பிய எரிமலைக் குழம்பு.

இந்த வேறுபாடுதான் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் கைச்செலவைத் தீர்மானித்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் பரவலாகப் பயன்பட்ட ஜே.எஸ்.சி.-1 என்ற நகல் மண் அரிசோனா எரிமலைச் சாம்பலில் செய்தது. கறுத்த பகுதிக்கு அது பொருந்தும். இஸ்ரோவின் சந்திரயான்-2 கலம் போக நினைத்ததோ தென்துருவத்தை அண்டிய மேட்டுநிலம். இறக்குமதி செய்தால் கிலோ 150 டொலர்; தேவைப்பட்டதோ 60, 70 தொன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மண்ணுக்கே கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை, பேராசிரியர் ச. அன்பழகன் முன்னின்று நடத்த, சித்தம்பூண்டியிலும் பக்கத்துக் குன்னமலையிலும் அனோர்த்தோசைட் கல்லைத் தேடியெடுத்தது. 2012 முதல் அங்கிருந்து சுமார் 50 தொன் பெங்களூருக்குப் போயிருக்கிறது.

கல் மண்ணாவது எளிதான வேலையல்ல. சேலத்துக் கிரஷர்களில் ஜல்லி உடைப்பதுபோல உடைத்து, அரைத்து, சலித்து, பருமன் வாரியாகப் பிரித்து, பிறகு நிலவு மண்ணில் எந்தப் பருமன் எவ்வளவு உண்டோ அதே விகிதத்தில் திரும்பக் கலக்க வேண்டும். ஆற்று மணலை அள்ளிவர முடியாது. ஆற்றில் உருண்ட மணல் மழுங்கியிருக்கும். நிலவில் காற்றும் இல்லை, நீரும் இல்லை; விண்கற்கள் மோதி நொறுக்கிய துகள்கள் கோடானுகோடி ஆண்டுகளாக உடைந்த கண்ணாடிபோலக் கூர் மழுங்காமல் கிடக்கின்றன. அரைபட்ட கல்லுக்குத்தான் அந்தக் கூர்மை வரும். கூர்த்துகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். சில்லு எவ்வளவு அமிழும், எவ்வளவு வழுக்கும் என்பது அந்தப் பிடியில்தான் இருக்கிறது. அதை அளந்து பார்ப்பதில் திருச்சி என்.ஐ.டி.யின் முத்துக்குமரன் பங்குகொண்டார். மண்ணுக்கு எல்.எஸ்.எஸ்.-ஐசாக்-1 என்று பெயர். 2014இல் விண்ணப்பித்த காப்புரிமை 2020 மே மாதம் கிடைத்தது. கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இஸ்ரோக்காரரோடு பெரியார் பல்கலைக்கழகத்தாரும் திருச்சிக்காரரும் இருக்கிறார்கள். இந்தியப் பத்திரிகைகள் ரொக்கெட்டைக் கொண்டாடிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தக் கல்லுடைப்பைக் கொண்டாடவில்லை என்பது ஒரு குறைதான்.

பெங்களூரில் இஸ்ரோவின் மண்டபம் ஒன்றில் அந்த மண்ணைப் பரப்பினார்கள். நிலவில் விழும் வெயிலுக்கு ஏற்றபடி விளக்கு வைத்தார்கள். மீதி இருந்தது ஈர்ப்பு. சந்திரயான்-2இன் ஆறு சில்லு வைத்த 27 கிலோ பிரக்யான் ஊர்தி நிலவில் ஆறில் ஒரு பங்கு எடையோடுதான் மண்ணை அழுத்தும். பூமியில் ஓட்டினால் அளவுக்கு மீறி அமிழும். இதற்குக் கண்டுபிடித்த வழி, திருவிழாக் கடையை நினைவூட்டுவது: ஹீலியம் நிரப்பிய பலூனைக் கட்டி ஊர்தியின் பாரத்தைக் குறைத்தார்கள். இறங்குகலத்தின் கண்ணுக்குப் பயிற்சி தர, கர்நாடகத்தின் வறண்ட சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரெ அருகே நிலத்தில் செயற்கைப் பள்ளங்களை வெட்டி, அவற்றின்மேல் விமானத்தைப் பறக்கவிட்டு உணர்கருவிகளைச் சோதித்தார்கள். சிண்டர் லேக்கில் வெடி வைத்துச் செய்ததை இங்கே மண்வெட்டி இயந்திரம் செய்தது.

சந்திரயான்-2இன் இறங்குகலம் 2019 செப்டெம்பர் 7ஆம் திகதி அதிகாலை நிலவில் மோதி உடைந்தது. மண்ணில் பழகிய ஊர்தி மண்ணைத் தொடாமலே போனது.

அடுத்தது தவறவில்லை. விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி மாலை 6.04க்கு இறங்கியது. ஊர்தி விநாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்ந்தது. எங்கள் ஊர் நத்தைக்குக் கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். 27ஆம் திகதி, மூன்று மீற்றர் முன்னால் நான்கு மீற்றர் அகலப் பள்ளம் ஒன்று எதிர்ப்பட, வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். ஏறத்தாழ 100 மீற்றர் ஓடி, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. ஒத்திகையில் அழகாக விழுந்த, சில்லில் பொறித்திருந்த இலச்சினையின் அச்சு, அங்கே எதிர்பார்த்த தெளிவோடு விழவில்லை. மண் கட்டிபட்டுக் கிடந்தது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நகல் நகல்தான்.

ஆனால் 2024 ஓகஸ்டில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சந்தோஷ் வடவாலேயும் குழுவினரும் 'நேச்சர்' இதழில் அந்த அளவீடுகளை வெளியிட்டபோது, சேலத்துக்காரர் புன்னகைத்திருப்பார்கள். ஊர்தி ஓடிய இடத்து மண், இரும்பு கலந்த அனோர்த்தோசைட்டின் இயல்பை ஒத்திருந்தது. பால் ஆடைக் கதைக்குத் தென்துருவப் பக்கத்திலிருந்து கிடைத்த நேரடிச் சான்று அது. சித்தம்பூண்டியைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணிப்பும் சரிதான்.

இந்த இடத்தில் நெடுங்கேணி வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: எங்கள் கல்லுக்கு அந்த யோகம் இல்லையா? வவுனியாப் பகுதியின் அடிப்பாறைகளைப் புவியியலாளர்கள் 'வன்னித் தொகுதி' என்றே பெயரிட்டு உலக ஆய்விதழ்களில் எழுதுகிறார்கள். கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் இலங்கையும் தென்னிந்தியாவும் ஒட்டிக் கிடந்தவை. பாறை வழியில் நாமக்கல்காரர் நமக்குத் தூரத்து உறவு. ஆனால் இங்கே கிடப்பது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை. நிலவுக்கு அது உதவாது. செவ்வாயை நினைவூட்டும் நம் செம்மண்ணும் பார்வைக்கு மட்டும்தான் செவ்வாய். மழையும் வேரும் பூச்சியும் சேர்ந்து ஆக்கிய மண் அது. தொலைவிலிருந்து இயக்கும் ஊர்திகளில் வன்னி பார்த்தவை வேறு வகை. போருக்குப் பிறகு கண்ணிவெடி அகற்ற வந்து, சங்கிலியால் மண்ணை அடித்துக்கொண்டு போனவை. அவற்றுக்கும் பாவனைக்கு முன் பரீட்சை உண்டு. மண் மாறினால் அவற்றின் திறனும் மாறும்.

இனி வருவது மாதிரி கொண்டுவரும் பயணம். 2024 செப்டெம்பர் 18ஆம் திகதி இந்திய அமைச்சரவை சந்திரயான்-4க்கு 2,104.06 கோடி ரூபா ஒதுக்கியது. இந்தமுறை அளந்துவிட்டு நிற்பதில்லை. நிலவு மண்ணை அள்ளி, துளையிட்டும் எடுத்து, காற்றுப் புகாமல் அடைத்து, பூமிக்குக் கொண்டுவர வேண்டும். குறி சுமார் 3 கிலோ. அள்ளும் கரத்துக்கும் துளைக்கும் கருவிக்கும் மறுபடி ஒத்திகை மண் வேண்டும்.

திருச்சியில் விமானம் இறங்கித் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிற வன்னிக்காரர் பலர். நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டுக் கரூர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் பரமத்தி வேலூரைக் கடந்துதான் போவார்கள். வாகனத்தை ஒரு மணி நேரம் சித்தம்பூண்டிப் பக்கம் விடச் சொல்லுங்கள். அங்கே வயலோரத்திலும் நிலத்திலும் வெள்ளையும் சாம்பலுமாய்க் கரும்புள்ளியோடு கிடப்பதுதான் அந்தக் கல். சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது.